கம்பளி சாக்ஸும் மத்தியானக் குழாய்த் தண்ணியும்

ஏப்ரல் மாசத்துல திருநெல்வேலியில கம்பளி சாக்ஸ் பின்னுதேன்னு சொன்னா, நம்மள ஒரு மாதிரிதான் பாப்பாங்க. இங்கன செருப்பு போட்டாலே கால் வேகும். ஆனா பின்னுனேன். அதுவும் ஆன்லைன் போட்டிக்கு.

மெக்கானிக்கல் முடிச்சுட்டேன். வேலைக்கு ஆர்டர் வந்துட்டு, என்னைக்கு வந்து சேரணும்னு மட்டும் சொல்லாம கம்பெனிக்காரன் இழுத்துக்கிட்டு கிடந்தான். வீட்ல நானும் அம்மாவும்தான். அம்மா ரெண்டாங்கிளாஸ் டீச்சர். அவ ஸ்கூலுக்குப் போனப்புறம் போனை நோண்டிக்கிட்டு கிடப்பேன். அப்படி ஒருநாள் ஒரு வீடியோ வந்துச்சு. யாரோ சாக்ஸ் பின்னுதாங்க. வட்டம் வட்டமா பின்னப் பின்ன ஒரு குழாய் வருது. குதிகால் வந்ததும் அந்தக் குழாய் தொண்ணூறு டிகிரி திரும்புது. வெட்டு கிடையாது, தையல் கிடையாது, ஒட்டும் கிடையாது. பைப்பு திரும்பணும்னா எல்போ மாட்டணும்னு நாலு வருசம் படிச்சவன் நான். மூணு தடவை பாத்தும் புரியல. ஒரு விசயம் புரியலன்னா எனக்குச் சோறு இறங்காது.

நூலை ஆன்லைன்ல வாங்கிட்டேன். ரெண்டு மில்லிமீட்டர் கனத்துல அஞ்சு ஊசி வேணும், அது வர நாளாகும்னு போட்டிருந்தான். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும் ரெண்டு மில்லிமீட்டர்தானே. நேரா பாளையங்கோட்டையில சைக்கிள் கடை அண்ணாச்சிகிட்ட போனேன்.

"அஞ்சு ஸ்போக்ஸ் வேணும் அண்ணாச்சி. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ரெண்டு முனையும் பைய உரசி மழுக்கித் தாங்க."

"எந்த வண்டிக்குலே?"

"வண்டிக்கு இல்ல. சாக்ஸ் பின்ன."

அண்ணாச்சி என் காலைப் பாத்தாவ. ரப்பர் செருப்பு. "நீ காலேஜ் முடிச்சவன்தானே"ன்னு மட்டும் கேட்டுட்டு கிரைண்டரைப் போட்டாவ.

மூணு மாசத்துல கை பழகிருச்சு. குதிகால் ரகசியமும் பிடிபட்டுச்சு. ஊசியில நிக்கிற நூல் வளையத்துக்குக் கண்ணின்னு பேரு. அதுல பாதிக் கண்ணியை அப்படியே விட்டுட்டு, மீதிப் பாதியை மட்டும் முன்னயும் பின்னயுமா பின்னணும். ஒவ்வொரு தடவையும் ஓரத்துல ஒரு கண்ணியை விட்டுட்டுத் திரும்பணும். அப்புறம் விட்டதையெல்லாம் ஒண்ணொண்ணா சேத்துக்கணும். நடுவுல பை மாதிரி ஒரு குழி விழும். அவ்வளவுதான் குதிகால். அது புரிஞ்ச அன்னைக்கு ரோட்ல போறவன் கால்ல கிடந்த சாக்ஸை எல்லாம் முறைச்சுப் பாத்துக்கிட்டே நடந்தேன்.

அப்பத்தான் போட்டி கண்ணுல பட்டுச்சு. வெள்ளிக்கிழமை ஒரு டிசைன் அனுப்புவாங்க, அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு ஜோடி பின்னி, பெரியவங்க யார் கால்லயாவது மாட்டி, போட்டோ போடணும். முதல்ல முடிக்கிற அறுபது பேருக்கு அடுத்த சுற்று. எனக்குப் பரிசு மேலெல்லாம் ஆசை இல்ல. ரெண்டாஞ்சுற்று டிசைன்ல குதிகாலை வேற ஒரு முறையில திருப்புதாங்களாம், அது ஜெயிச்சவங்களுக்கு மட்டும்தான் வருமாம். இன்னொரு முறையா? எப்படி? அது எனக்குத் தெரிஞ்சாகணும்.

முதல் சுற்று டிசைன்ல ஓட்டை ஓட்டையா இலை வரணும். மேல விளிம்புலேருந்து கணுக்கால் வரைக்கும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பன்னெண்டு இலை. போட்டி குரூப்புல இருந்த ஆளுகளைப் பாத்தா பனி விழுற ஊர்க்காரங்கதான் ஜாஸ்தி. ஒருத்தங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்து பின்னுதாங்க. நான் ஃபேனுக்குக் கீழ, வேர்வை நூல்ல படாம கையைத் துண்டுல துடைச்சுத் துடைச்சு பின்னுதேன்.

ஒரு வாரத்துல முதல் சாக்ஸ் முடிஞ்சுது. டிசைன் தாள்ல கடைசி வரியா, குழாய்த் தண்ணியில நனைச்சுக் காயப்போட்டா இலை நல்லா விரியும்னு எழுதியிருந்துச்சு. அன்னைக்கு சனிக்கிழமை. நாங்குநேரியில கூட்டாளியோட அக்கா கல்யாணம். "எம்மா, அந்த சாக்ஸைக் குழாய்த் தண்ணியில நனைச்சுப் போட்டுரு"ன்னு சொல்லிட்டு, ரெண்டாவது சாக்ஸைப் பஸ்ஸுல பின்னிக்கிட்டே போயிட்டேன்.

சாயங்காலம் வந்து பாத்தா, கொடியில நல்லா சுருங்கிப்போயி ஒரு சாமான் தொங்குது. தொட்டா தொப்பித் துணி மாதிரி கெட்டியா இருக்கு. இலையே தெரியல.

"எம்மா, என்னது இது?"

"உன் சாக்ஸுதான். சும்மா நனைச்சா அழுக்கு போகுமாலே? சோப்பு போட்டுக் கசக்குனேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஒரு மணி இருக்கும்."

அங்கதான் விசயமே. டிசைன் எழுதுனவங்க ஊர்ல குழாய்த் தண்ணின்னா ஐஸ் மாதிரி இருக்கும்போல. எங்க வீட்ல மொட்டைமாடி டேங்க். ஏப்ரல் மத்தியானம் ஒரு மணிக்குக் குழாயைத் திறந்தா கை பொத்துப்போகும். சுடுதண்ணி, சோப்பு, கசக்கல், இது மூணும் சேந்தா கம்பளி சுருங்கிக் கட்டியாயிரும். எனக்கே அதைப் படிச்சுப் பாத்துத்தான் தெரியும்.

"ஒரு வாரம் பின்னுனதும்மா. நாசமாக்கிட்டே."

"குழாய்த் தண்ணின்னு நீதானே சொன்னே? நான் என்ன தாமிரபரணியிலயா போய் முக்கி எடுத்தேன்?"

அன்னைக்குப் பேச்சை நிறுத்துனேன். தட்டை எடுத்துக்கிட்டுப் போய் ஹால்ல உக்காந்து தின்னேன். புதுசா இன்னொண்ணு பின்ன நூலும் பத்தாது. போட்டி நடுவர் ஒரு அம்மா. அவங்களுக்கு நடந்ததை எழுதிக் கேட்டேன். சுருங்கக்கூடாதுன்னு விதி இல்ல, ஆனா ரெண்டும் ஒரே அளவு இருக்கணும், பெரியவங்க கால்ல ஏறணும்னு பதில் வந்துச்சு.

அப்ப ரெண்டாவதையும் சுருக்கிர வேண்டியதுதான். புதன்கிழமை பின்னி முடிச்சேன். வியாழக்கிழமை மத்தியானம் சரியா ஒரு மணிக்கு வாளியைப் பிடிச்சேன். உண்மையைச் சொன்னா ஜாலியாத்தான் இருந்துச்சு. கசக்கக் கசக்க ஓட்டை எல்லாம் மூடிக்கிட்டே வருது. ஆனா எவ்வளவு கசக்குனாலும் பழசைவிட ஒரு விரக்கடை நீளமாவே நிக்குது. அம்மா லீவு நாள்ல கசக்குன வேகம் எனக்கு வராது போலன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை அவளே ஸ்கூல்லேருந்து வந்து, வாங்கி, பத்து நிமிசம் கும்மிக் குடுத்தா. அப்பவும் கொஞ்சம் நீளம்தான். இழுத்துவிட்டுச் சமாளிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.

அந்த அளவுக்கு ஏறுற கால் வீட்ல அம்மா கால் ஒண்ணுதான். காய்ஞ்சதும் சனிக்கிழமை காலையில மாட்டிவிட்டேன்.

"அடுப்புக்குள்ள காலை விட்ட மாதிரி இருக்கு. சீக்கிரம் எடு. குதிகால் வெடிப்பு தெரியாம எடு."

"சாக்ஸ் போட்டா எப்படிம்மா வெடிப்பு தெரியும்?"

போட்டோ போட்டப்ப நான் அம்பத்தி நாலாவது ஆள். கொஞ்ச நேரத்துல நடுவர் எழுதுனாங்க: இலை ஒண்ணும் தெரியல, ரெண்டு சாக்ஸ்லயும் பன்னெண்டு இருக்குன்னு காட்டுங்க, ஏத்துக்கிடுதேன்.

பீரோ ரூம்ல ஜன்னலைச் சாத்திட்டு, போன் டார்ச்சைப் போட்டு சாக்ஸுக்குள்ள விட்டேன். மூடிப்போன ஓட்டை எல்லாம் புள்ளி புள்ளியா வெளிச்சமா தெரிஞ்சுது. அம்மா விரலை வச்சு எண்ணுனா. ரெண்டாவது சாக்ஸ்ல பன்னெண்டு. முதல்ல பின்னுனதுல பதினொண்ணு.

"இன்னொருவாட்டி எண்ணும்மா."

"பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக்குடுக்கவ நான். பதினொண்ணுதான்லே."

நான் எண்ணுனேன். பதினொண்ணுதான். அந்த ஒரு விரக்கடை எங்கேருந்து வந்துச்சுன்னு அப்பத்தான் மண்டையில ஏறிச்சு. பின்னும்போதே ஒரு இலையை விட்டிருக்கேன். கொடியில காயப்போடுறதுக்கு முன்னாலயே அந்த சாக்ஸ் செல்லாது. அவுத்துப் பின்னியிருந்தா இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்கும், அதுக்குள்ள அறுபது பேர் முடிச்சிருப்பாங்க.

பன்னெண்டு இருக்கிற சாக்ஸையே ரெண்டு தடவை போட்டோ எடுத்தா யாருக்குத் தெரியப்போகுது. ரெண்டாஞ்சுற்று, அந்தக் குதிகால். போனை எடுத்துக்கிட்டு அப்படியே நின்னேன்.

"பரீட்சையில பக்கத்துப் பேப்பரைப் பாக்கப்போறவன் மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும்"னா அம்மா.

ரெண்டையும் எடுத்து அனுப்பினேன். பன்னெண்டு, பதினொண்ணுன்னு எழுதியே அனுப்பினேன். வருத்தமா இருக்கு, ஆனா நீங்க வெளியேன்னு நடுவர் எழுதிட்டாங்க.

"என்ன சொல்லுதா?"

"அவுட்டாம்."

"அப்ப ஒரு வாரமா என்கிட்ட மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது?"

"தப்புதாம்மா. நான்தான் விட்டிருக்கேன்."

அவ டார்ச்சை என் கையிலேருந்து வாங்கி மறுபடியும் சாக்ஸுக்குள்ள விட்டா. "சரி, எங்கனலே விட்டே? காட்டு."

மேலேருந்து கீழ ஒவ்வொண்ணா பாத்தோம். பதினொரு இலையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் நின்னுச்சு. எங்கயும் ஒரு இடைவெளி இல்ல.