காப்புக் கட்டிய லெஃப்ட் பேக்

போன வாரம் இங்கே பர்மாவில், தாமுவேப் பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிவைத்து, குப்பியிலிருந்து தைலம் ஊற்றிப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நெடி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மூக்கில் ஏறி, கண்ணில் நீரை வரவழைத்து, அப்புறம்தான் இறங்கும். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் இன்னும் ஓரடி நெருங்கி நின்று நன்றாக இழுத்து முகர்ந்தேன். பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வீட்டுக்குத் தாமதமாகப் போய், பஸ் கூட்டத்தின்மேல் பழியைப் போட்டேன். தைலம் மோந்துகொண்டு நின்றேன் என்று மனைவியிடம் சொல்ல முடியுமா?

எனக்கு அது மூட்டுவலி வாசனை இல்லை. விடியற்காலை வாசனை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்டுப் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி ஒரு மைதானம் இருந்தது. ஓர் அரசு இலாகாவின் கால்பந்து அணி பங்குனி மாதம் அங்கே முகாம் போடும். பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் சீசன் ஆரம்பம். முகாமுக்கு நாற்பது பேர் வருவார்கள், இருபத்திரண்டு பேருக்குத்தான் அணியில் இடம். வெயில் கொளுத்துவதற்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று ஐந்தரைக்கே ஓட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். நாற்பது பேர், எண்பது கால், அத்தனைக்கும் தைலம். காற்று நம் பக்கம் அடித்தால் டீயிலும் அந்த வாசனை மிதக்கும்.

ஆட்டம் பார்க்க ஊரே போகும். பயிற்சி பார்க்க எங்களைப் போன்ற கிறுக்கர்கள்தான் போவார்கள். மைதானத்தின் கம்பி வேலியை ஒட்டி தோ ஏ என்ற பர்மிய அம்மாளின் டீக்கடை. முழங்கால் உயர முக்காலிகள், ஆட்டம் கண்ட மேசைகள். ஒரு டீ வாங்கினால் போதும், வெறுந்தேநீர்க் கூஜாவும் குட்டிக் கோப்பைகளும் மேசைக்கு இலவசமாக வந்துவிடும். ஒரே டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒப்பேற்றுவது எங்களுக்குக் கைவந்த கலை.

'எங்களுக்கு' என்றால் மூன்று பேர். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த தங்கவேலு அண்ணன் ஒருவர். தொண்டை அவருக்கு அங்கே எஞ்சினோடு கத்திக் கத்தித் தடித்துப்போயிருந்தது. "உப்பு எடு" என்பதைக்கூட ஊருக்கே அறிவிப்பார். இன்னொருவர் குடைக்கடை காசிம் பாய். சன்னமான ஆள், பேச்சும் சன்னம், ஆனால் சொன்னதிலிருந்து இம்மி நகரமாட்டார். மூன்றாவது நான். செருப்பு மொத்தக்கடையில் விற்பனைக்கு நின்றேன். பந்தை உதைத்தால் அது எந்தத் திசையில் போகும் என்று எனக்கே தெரியாது, ஆனால் நாற்பது பேருக்கும் எப்படி ஆடவேண்டும் என்று தெளிவாகச் சொல்லுவேன்.

தோ ஏயின் கோப்பைகள்தான் எங்கள் அணி. கவிழ்த்து வைத்த கோப்பை கோல்கீப்பர், விளிம்பு உடைந்தது சென்டர் ஃபார்வர்டு. பதினொன்றையும் மேசையில் பரப்பி நகர்த்திக்கொண்டே வாதாடுவோம். பக்கத்து மேசைக்காரர்கள் குடிக்கக் கோப்பை கேட்டால் தங்கவேலு அண்ணனுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். "அவன் நம்ம ஹாஃப் பேக்கைக் கேக்குறான் பாரு!" தோ ஏ பர்மிய மொழியில் திட்டுவார். தமிழில் சொன்னால், உங்கள் அணியை உங்கள் வீட்டுக் கோப்பையில் வையுங்கள் என்று வரும். மறுநாள் அவரே எண்ணிப் பதினொரு கோப்பை கொண்டுவந்து வைப்பார்.

அந்த வருஷம் மேசையில் பத்துக் கோப்பைகள் சீக்கிரமே உட்கார்ந்துவிட்டன. பதினோராவதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அது முருகேசு.

முருகேசு எங்கள் அடுத்த தெருப் பையன். பையன் என்ன, இருபத்தாறு வயது. படகுத்துறையில் மூட்டை தூக்கினான். அணியில் பர்மியப் பெயர் வேறு, கோ டுன் டுன் என்பார்கள். அது மூன்றாவது முகாம் அவனுக்கு. முந்தின இரண்டு முறையும் கடைசி நாள் பட்டியலில் பெயர் விழவில்லை. இருபத்திரண்டில் ஒருவனாகிவிட்டால் இலாகாவில் நிரந்தர வேலை, முதுகை மூட்டைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இருபத்தேழு ஆனவனைப் புதிதாகச் சேர்க்கமாட்டார்கள். ஆகவே இதுதான் கடைசி. அவனுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவனைவிட நாங்கள்தான் தூக்கம் கெட்டோம்.

"லெஃப்ட் விங்குல போட்டா காத்தா பறப்பான்யா!" என்று தங்கவேலு அண்ணன் கோப்பையை மேசையின் ஓரம் வரை தள்ளினார்.

காசிம் பாய் அதைச் சத்தமில்லாமல் பின்னால், தடுப்பு வரிசைக்கு இழுத்தார். "விங்குக்கு மண்டலேப் பையன் ஜோ ஜோ இருக்கான் தங்கவேலு. இவனை விட வேகம். லெஃப்ட் பேக்குக்கு ஆளே இல்ல. அங்க நின்னாத்தான் இவனுக்குச் சோறு."

"பேக்கா? குதிரையைக் கட்டிப்போடச் சொல்றீங்களா பாய்?"

"கட்டிப்போட்ட குதிரைக்கும் தீனி உண்டு."

நான் கோப்பையை எடுத்து நடுவில் வைத்தேன், சென்டர் ஃபார்வர்டு என்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பேசாமல் எடுத்து வெறுந்தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டேன்.

இப்படிச் சண்டை போட்டதோடு நின்றிருந்தால் தேவலை. முகாம் முடிய பத்து நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை சாயந்தரம், எங்கள் அம்மன் கோவிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள். தங்கவேலு அண்ணனுக்கு உணர்ச்சி தாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூசாரியிடம் போய், முருகேசுக்கு இடம் கிடைக்கவேண்டும், அதற்காக அவன் தீ மிதிப்பான் என்று அவனைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டார். கிடைத்த பிறகு அடுத்த வருஷம் மிதிப்பான் என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? இல்லை. ஆத்தாளுக்கு முன்பணம் கொடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று அவர் நினைப்பு.

சனிக்கிழமை காலை அதைப் பெருமையாகச் சொன்னார். காசிம் பாய் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"காப்புக் கட்டினா செருப்புப் போடலாமா?"

"அதெப்படி? தோலே காலுல படக்கூடாது."

"அப்ப பூட்ஸு?"

தங்கவேலு அண்ணன் சட்டென்று வேலிப் பக்கம் திரும்பினார். வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் மட்டும் மஞ்சள் கயிறு கட்டிய கையோடு, வெறுங்காலோடு ஓடினான். முந்தின நாளே பூசாரி ஆள் அனுப்பிக் கட்டிவிட்டிருக்கிறார். "அம்மனுக்குச் சொன்னதைத் திருப்பக் கூடாது" என்று அவன் அம்மாவும் சொல்லிவிட்டாள். எங்களைத் தாண்டி ஓடும்போது முருகேசு ஒரு சொல் திட்டவில்லை. "நல்லா இருங்கண்ணே" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது எனக்கு.

பயிற்சியாளரைச் சயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆசிரியர் என்று அர்த்தம். அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பயிற்சிக்கு வெறுங்கால் சரி, அடுத்த சனிக்கிழமை கடைசித் தேர்வு ஆட்டத்துக்குப் பூட்ஸ் இல்லாதவன் இறங்கமுடியாது என்று முடித்துவிட்டார். தங்கவேலு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நானே அவன் வாயில மண்ணைப் போட்டுட்டேனே!"

அப்போதுதான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் உத்தியோகம் பயன்பட்டது. எங்கள் கிடங்கின் மூலையில் சீனாவிலிருந்து வந்த கான்வாஸ் பூட்ஸ் ஒரு ஜோடி தூங்கிக்கொண்டிருந்தது. துணி, அடியில் ரப்பர்க் குமிழ், தோல் கிடையாது. ஒரு நம்பர் பெரிசு, போகட்டும். ஓட்டமாகக் கோவிலுக்குக் கொண்டுபோனோம். பூசாரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். கணுக்காலுக்குப் பக்கத்தில் கம்பெனி முத்திரை குத்திய சின்னத் தோல் வில்லை! தங்கவேலு அண்ணன் பிளேடால் அதைச் சுரண்டி எறிந்தார். அவ்வளவுதான் என்று நிமிர்ந்தால், காசிம் பாய் மெதுவாகக் கேட்கிறார், "பந்து தோல்தானே பூசாரி?"

அடப்பாவி மனுஷா, அதை இப்போது கேட்க வேண்டுமா! மூன்று பேரும் பூசாரியின் வாயையே பார்த்தோம். அவரும் பந்துக் கிறுக்குதான் என்பது அன்றுதான் தெரிந்தது.

"பந்தை அவன் போட்டுக்கப் போறதில்லையே, உதைக்கத்தானே போறான்? உதைக்கட்டும்."

விரதச் சாப்பாடு வேறு. முகாமில் கோழியும் முட்டையும். முருகேசு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். காசிம் பாய் தினம் காலையில் சீப்பு வாழைப்பழமும் அவித்த கடலையும் வேலிக் கம்பிக்கு நடுவில் நீட்டுவார். "என் வீட்டுல சமைச்சது இல்லப்பா, கடையில வாங்கினது" என்று மறக்காமல் சொல்லுவார்.

சனிக்கிழமை தேர்வு ஆட்டம். பட்டறைக்கு லீவு, குடைக்கடை பூட்டு, எனக்கு வயிற்றுவலி என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். முருகேசு லெஃப்ட் விங்கில் இறங்கினான். பஞ்சு அடைத்த பெரிய பூட்ஸ். பந்தோடு இரண்டு முறை பறந்தான், இரண்டு முறையும் திரும்பும்போது கால் பூட்ஸுக்குள்ளேயே சுழன்று குப்புற விழுந்தான். தங்கவேலு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இடைவேளையில் சயா அவனைக் கூப்பிட்டுக் கையால் பின்னால் காட்டினார். லெஃப்ட் பேக்! காசிம் பாய் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துகொண்டார்.

அந்த இரண்டாம் பாதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அங்கே நின்றவனுக்கு ஓடித் திரும்பும் வேலை குறைவு. பந்து வரும் இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றான். எதிர்ப்பக்க விங்கர் நாலு முறை வந்தான், நாலு முறையும் பந்து முருகேசிடம். "விடாதே! விடாதே!" என்று நாங்கள் வேலியைப் பிடித்து உலுக்கியதில் தோ ஏயின் கூரைத் தகரம் ஆடியது. அவரும் கரண்டியோடு எங்கள் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் யாரோ ஒருவன் சயாவிடம், ஞாயிற்றுக்கிழமை முருகேசு நெருப்பில் நடக்கப்போகிறான் என்று போட்டுக்கொடுத்துவிட்டான். சயா முருகேசை ஏற இறங்கப் பார்த்தார். திங்கட்கிழமை காலை முதலில் உன் பாதத்தைப் பார்ப்பேன், அப்புறம்தான் பட்டியலை ஒட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கொப்புளம் இருந்தால் வேலை இல்லை. சங்கதி இதுதான்.

ஞாயிறு சாயந்தரம் கோவில் வாசலில் கங்கு கணகணவென்று கிடந்தது. மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக முருகேசு குழியின் முனையில் நின்றான். தங்கவேலு அண்ணன் அழுதுகொண்டே, "நான் போறேன், என்னை விடுங்கய்யா" என்று பாய்ந்தார். இரண்டு பேர் பிடித்து வைத்தார்கள். தெருவோரம் குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி காசிம் பாய் நின்று, உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். தவில் சத்தம் காதைப் பிளக்கிறது. முருகேசு கங்கில் கால் வைத்தான்.

"லெஃப்டுல போ! லெஃப்டுல கங்கு கம்மி!" அண்ணன் குரல் தவிலை மீறியது.

"நேராப் போப்பா! நேரா!" காசிம் பாய் கத்தியதை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

நடு நெருப்பில் முருகேசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே மறுமுனையின் பால் குழியில் இறங்கினான். நேராகத்தான் போனான்.

திங்கட்கிழமை நாங்கள் வேலியில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டோம். சயா அவனைப் புல்லில் உட்காரவைத்து, பாதங்களைத் தன் மடியில் எடுத்துக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தினார். வலது குதிகாலில் விரல் நின்றது. கொப்புளம். எனக்கு உயிரே போய்விட்டது.

"தீயா?" என்றார் சயா.

"இல்ல சயா, பூட்ஸ். சனிக்கிழமையே கடிச்சது" என்றான் முருகேசு, என்னைக் கையால் காட்டி.

நெருப்பு ஒன்றும் செய்யவில்லை, நான் கொடுத்த பூட்ஸ்தான் சுட்டிருக்கிறது! சயா என்னை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பட்டியலை எடுத்து இருபத்திரண்டாவது பெயரை அங்கேயே எழுதினார். தங்கவேலு அண்ணன் காசிம் பாயைக் கட்டித் தூக்கிவிட்டார். "லெஃப்ட் பேக்குய்யா! நான் அப்பவே சொல்லல?" காசிம் பாய் ஒரு மறுப்பும் சொல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தார்.

முருகேசு ஐந்து சீசன் ஆடினான். அப்புறம் இலாகாவின் சாமான் கிடங்கில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். குடியிருப்பு வெகு தூரம், லைங் தாயா தாண்டி. வருவது குறைந்தது. மைதானத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள். தோ ஏ கடை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். தங்கவேலு அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். காசிம் பாய் மகளோடு கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே போய்விட்டார். டீக்கடைகளில் பெரிய டீவியில் ஐரோப்பிய ஆட்டம் ஓடுகிறது. என் மகனும் அவன் நண்பர்களும் பர்மிய மொழியில் விடிய விடிய அலசுகிறார்கள். அவர்கள் பேசும் ஆட்டக்காரன் எவன் காதிலும் அது விழப்போவதில்லை.

மழைக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் முருகேசைப் பார்த்தேன். தலை நரைத்து, வயிறு சரிந்து, இன்னும் நாலைந்து வருஷத்தில் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னான். ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற மனிதனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், எல்லாம் நல்லபடியா இருக்கா என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லண்ணே. அந்த வேலைதான் இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது." இலையில் சோற்றை ஒதுக்கினான். "ஆனா என்னை எங்க நிறுத்தணும்னு இப்பல்லாம் யாரும் சண்டை போடுறதில்லண்ணே."