தொண்டை மருந்துக்கு நான் சொன்ன பொய்

சளிக்குப் புது மருந்தைச் சோதிக்க, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு கம்பெனிக்காரர் வந்தார். தறியை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தேன். மருந்துக் குப்பியின் ரப்பர் குமிழை அழுத்தித் தொண்டையில் பீய்ச்சினார். இரண்டு நாள் எரிச்சலில் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் வந்து, "எப்படிமா இருக்குது?" என்றார். வெயிலில் அலைகிறவர் முகம் வாடக் கூடாதே என்று, "தேவலைங்க" என்றேன். எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கினார்.

சில மாதங்களில், தென்னேரியில் என் தங்கை மகளுக்கு அதே மருந்தால் தொண்டை புண்ணாகிக் குரலே வரவில்லை. "காஞ்சிபுரத்துல போட்டுப் பாத்தவங்க எல்லாருக்கும் தேவலைன்னு கடைக்காரர் சொன்னாருக்கா. அத நம்பித்தான் வாங்கினேன்" என்று அழுதாள் தங்கை. 

இப்போதெல்லாம் யார் முகம் வாடினாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தங்கையிடம் மட்டும் சொல்ல நா எழவில்லை. அவள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவள். படிக்கட்டும்.