பள்ளி வீட்டுக்கு வாடகை போட்ட விதம்

உக்குவளையில் எங்கள் பள்ளிவாசலுக்கு ஒரு வரிசை வீடுகள் சொந்தமாக இருந்தன. யாரோ ஒரு புண்ணியவான் தர்மச் சொத்தாக வக்பு செய்துவிட்டுப் போனவை. ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும், அவர்களால் தாங்கக்கூடிய வாடகையே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் தொழுகை நடத்தும் லெப்பையின் சம்பளமும் விளக்குச் செலவும் அந்த வாடகையில்தான் ஓடின. ஆகவே பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார்மார் ஒவ்வொரு வீட்டின் நிலைமையையும் பார்த்துத்தான் தொகையைப் போடுவார்கள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்பார் என் கணவர். அவரும் ஒரு மரைக்கார்.

அளப்பது யார்? அடுத்த வீட்டு அடுப்படிக்குள் ஆண்கள் நுழைய முடியுமா? நான்தான் போவேன். திடுதிப்பென்று போய் நிற்பது மரியாதையில்லை என்று முதல் நாளே சொல்லி அனுப்பிவிடுவேன். போன வீட்டிலெல்லாம் கோழிக்கறி, வட்டிலப்பம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து, "நல்லா ஈக்கிறாங்க" என்பேன். வாடகை ஏறும். இதில் ஒரு கோளாறு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஊரடங்கும் கடையடைப்புமாக நாட்டில் கலவரம்; கடைகள் பாதி நாள் திறந்தால் பெரிய காரியம். வரிசையின் கோடி வீட்டுக்காரர், நாவுலையில் மரக்கறி வாங்கி மாத்தளையில் விற்றுவந்தவர், காய்ச்சலில் மௌத்தாகிப் போனார். அவருடைய மனைவி, கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் இருந்தாள்; நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பதுதான் அவளுக்கு வருமானம். அந்தக் கடையும் பாதி நாள் பூட்டு. வாடகையைப் புதிதாகப் போட வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள்.

"தம்பி நாவுலைக்கு வரச் செல்றான் ராத்தா" என்றாள். "போனா மகள்ட படிப்பு அதோட முடிஞ்சி. ஓ.எல். சோதனை எழுதுறவரைக்கும் சரி இந்த ஊட்டுல இருக்கணும். அதுக்காக வாடகையக் கொறைக்கச் செல்லிக் கேக்க மாட்டேன். அவர் குடுத்தத நானும் குடுப்பேன்."

பேசிக்கொண்டே பெட்டிஸும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தாள். பொன் கரை போட்ட தட்டு. என் தங்கச்சியின் கல்யாணத்துக்கு நானே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்த தட்டு அது. எனக்காக இரவல் வாங்கியிருக்கிறாள்! அந்த வரிசையில் நான் இதுவரை சாப்பிட்ட தட்டுகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. யாருடைய தட்டுகளோ, யாருடைய கோழிகளோ.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மரைக்கார்மார் அவள் வீட்டு முன் அறையில் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் திரை. இந்தப் பக்கம் அவளும் நானும். பழைய வாடகையையே கொடுப்பதாக அவள் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அவர்களுக்கு நிம்மதி. எழும்பப் போனார்கள்.

"பாதி போதும்" என்றேன் நான்.

"நீதானே போய்ப் பாத்துட்டு வந்த? பெட்டிஸும் வட்டிலப்பமும் சாப்பிட்டேன்னு செல்லினியே?" என்றார் என் கணவர், திரைக்கு அப்பாலிருந்து.

"சாப்பிட்டேன்தான். நம்ம ஊட்டுக்கு ஆள் வந்தா நாம என்ன செய்வோம்? கடன் வாங்கியாவது விருந்து வைக்க மாட்டோமா? விருந்தாளிக்கு முன்னுக்கு ஏழையா நிக்கிற ஊடு நம்ம ஊர்ல எங்க ஈக்கி?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. திரைக்கு அப்பால் எழும்பியவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். பிறகு வயதில் மூத்த மரைக்கார் மெதுவாகக் கேட்டார்: "அப்பிடின்னா மத்த ஊடுகளும்...?"

அந்த வருஷம் வரிசை முழுவதற்கும் வாடகை இறங்கியது. லெப்பையின் சம்பளத்துக்கு மரைக்கார்மார் முணுமுணுத்துக்கொண்டே சொந்தப் பையில் கை விட்டார்கள்.

ஆனால் அவர்கள் படியிறங்கிய உடனேயே அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இனி எங்கட ஊட்டுப் பக்கம் வராதீங்க."

வீடு அவளிடமே இருந்தது, மகளும் படித்தாள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. நல்லது செய்யப் போய் இப்படியா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம். அவள் மூடி வைத்திருந்ததை நான்தானே ஆண்கள் சபையில் திறந்து போட்டேன்.

இத்தா முடிந்து சில மாதங்கள் கழிந்த ஒரு பின்னேரம், அவள் வீட்டைத் தாண்டி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கதவு திறந்தது.

"நனையாம உள்ளுக்கு வாங்க, ராத்தா."

போய் அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தேன். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு டின்னைத் திறந்து பார்த்தாள். மூடினாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"சீனி முடிஞ்சி. ஒண்டும் இல்ல ராத்தா, வெறும் தேத்தண்ணிதான்."

"குடுங்க" என்றேன். கண் நிறைந்துவிட்டது. வாடகை பார்க்கப் போன எந்த வீட்டிலும் அதுவரை ஒருத்தியும் என்னிடம் 'இல்லை' என்ற சொல்லைச் சொன்னதில்லை.