சங்கரன்கோவிலில் ஒரு ஆர்க்கிட் செடியைப் பார்க்கப் போனது

போன வருஷம் குற்றால மலையில் முறிந்து கிடந்த ஒரு கிளையிலிருந்து சின்ன ஆர்க்கிட் செடிகள் இரண்டை எடுத்துவந்தேன். விரல் நீள இலை. மரத்தைத் தொற்றி வாழும் வகை. பூத்தால்தான் பெயர் கண்டுபிடிக்க முடியும். ஒன்றை நான் வைத்துக்கொண்டு, மற்றதைச் சங்கரன்கோவிலில் இருக்கும் என் கல்லூரித் தோழி கோமதியிடம் கொடுத்தேன். தாவரவியல் கற்பிக்கும் என்னிடம் இருந்தது சித்திரையில் செத்தது. வேர் பிடித்ததா என்று வாரம் இருமுறை மரத்தில் கட்டிய நூலை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு காரணம் இல்லை. ஆவணியில் கோமதி எழுதினாள்: “இலை மஞ்சளாகிறது. வந்து பார்.” மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு மதுரையில் ரயில் ஏறினேன். எழுபத்தைந்து மைல், மூன்றாம் வகுப்புக்கு இரண்டு ரூபாய் இரண்டணா. விருதுநகரில் வண்டி மாற முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிளாட்பாரத்தை ஆறு தடவை நடந்து அளந்தேன். ராஜபாளையம் தாண்டினால் மேற்கே மலை கூடவே வரும், ஜன்னலோரம் உட்காருங்கள். நான் உட்கார்ந்தும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு இறங்கினேன். கோமதி வீடு ஒரு மைல். குதிரை வண்டிக்கு ஆறணா.

“கொஞ்சம் வேகமாப் போங்க அண்ணாச்சி.”

“குதிரைக்கும் வயசாயிட்டும்மா. அவசரம்னா நீங்க முன்னால நடங்க, நாங்க வந்து சேருதோம்.” பிறகு அவரே, “கோயிலுக்குப் போனா புத்து மண்ணு வாங்காமப் போயிராதீய. அதப் பூசி ஆறாத புண்ணு கெடையாது” என்றார்.

கோமதி வீட்டுக் கிணற்றடியில் செடி மண்சட்டியில் இருந்தது. கழுத்துவரை மண். தினமும் ஊற்றிய தண்ணீரில் அது களியாக இறுகியிருந்தது.

“மண்ணே கூடாதுன்னு சொன்னேனேட்டி.”

“இது வெறும் மண்ணா? புத்து மண்ணு. ஆடித் தபசு அன்னைக்குக் கோயில்ல ரெண்டு மணி நேரம் நின்னு வாங்கினது. எனக்கு அக்கி வந்தப்போ இதத்தான் பூசினேன், எறங்கிட்டு.”

வேருக்குக் காற்று வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஒரு பொட்டு மண் கூடக் கால் படும் இடத்தில் விழக்கூடாது என்று அவள் செம்பில் வழித்தெடுத்து மாமரத்தடியில் போட்டு முடிக்க அரை மணி ஆயிற்று.

வேர்களைக் கழுவினோம். பதினொன்று. உயிருள்ள வேர் நனைந்தால் பச்சை காட்டும். ஒன்பது பழுப்பாகவே இருந்தன, அழுத்தினால் கூழ். மற்ற இரண்டில் மெதுவாகப் பச்சை ஏறியது.

“ரெண்டு போதுமாட்டி?”

“போதும். மதுரைக்குக் கொண்டு போறேன்.”

கோமதி செடியைத் தரவில்லை. “நான் மூடிக் கொல்லப் பாத்தேன். நீ தொறந்து தொறந்து கொன்னுட்ட. இது இங்கனயே இருக்கட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கட்ட நூல் கேட்டேன். மாமரத்தின் வடக்குப் பக்கம், சொரசொரப்பான பட்டையில், அவள் வீட்டுக்காரரின் தறிநூலால் கட்டினோம். முடிச்சை அவளே போட்டாள்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு: விழுந்த கிளையில் இருப்பதை மட்டும் எடுங்கள். மண் வேண்டாம். பருத்தி நூலால் கட்டுங்கள். வேர் பிடித்தபின் அது தானே இற்றுவிடும். காலையில் தண்ணீர் தெளியுங்கள், மாலைக்குள் வேர் உலர வேண்டும், குருத்தில் நீர் தேங்கக்கூடாது. உச்சிவெயில் ஆகாது. கிணற்றடி நிழல் நல்லது. ஆடித் தபசுத் திருவிழா வாரத்தில் ரயிலில் நிற்கக்கூட இடம் இராது. வேறு வாரம் போங்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கோமதியின் கார்டு வந்தது. “புது வேர் ஒன்று பட்டையைப் பிடித்திருக்கிறது. பூத்தால் எழுதுகிறேன். அதுவரை வராதே.”

கார்டு வந்து எட்டு நாள் ஆகிறது. இன்னும் போகவில்லை.