கீரிக்கு அடுத்த வரி

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒத்துக்கொள்வதில்லை. மற்ற ஆறு நாளும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு ஊசலின் ஆட்டத்தை எண்ணிக்கொண்டு இருந்துவிடலாம். ஏழாம் நாள் அந்த ஊசல் எனக்குள் வந்துவிடும். மன்னார்குடியில் நான் குடியிருந்த மாடி அறையின் நீளம் பதினோரு அடி. அதை எத்தனை முறை நடந்தால் ஒரு மைல் ஆகும் என்று கணக்குப் போட்டேன். போட்டதோடு நிற்காமல் நடந்தும் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, "சார், ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா?" என்று கேட்டார். அந்த வாரமே நடை மன்றத்தில் சேர்ந்தேன்.

அது மன்றங்களின் காலம். ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று பேர் சேர்ந்தால் மன்றம். ஐந்து பேர் சேர்ந்தால் தலைவர், செயலாளர், பொருளாளர், இரண்டு அதிருப்தியாளர்கள். நாங்கள் ஐந்து பேர். தலைவர், சர்வே இலாகாவில் முப்பது வருஷம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாலுகாவின் பாதி வயல்களைத் தன் கையால் வரைந்தவர். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. வரைந்ததெல்லாம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய கடைசிக் காலத்து ஆசை. பொருளாளர், ஜவுளிக்கடை பாய். டாக்டர் நடக்கச் சொன்னதால் வந்தவர். நடக்கிற தூரம் முழுக்க டாக்டரைத் திட்டிக்கொண்டே வருவார். அதிருப்தியாளர்கள் இருவரும் தபால் ஆபீஸ்காரர்கள். எதற்கு அதிருப்தி என்று கடைசிவரை அவர்கள் சொல்லவில்லை. செயலாளர் நான். எழுத வரும் என்பதால் அல்ல, நோட்டைத் தூக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மழை ஓய்ந்து, வரப்பு காலைத் தாங்கும் பதத்துக்கு வந்ததும் எங்கள் பருவம் தொடங்கும். மார்கழியிலிருந்து மாசி வரைக்கும். விடியற்பனியில் பாமணி ஆற்றங்கரையில் கூடி, ஐவரும் எதிரெதிரே நின்றுகொண்டு வருகைப் பதிவு எடுத்துக்கொள்வோம். தலைவர் காக்கி அரைக்கால் சட்டையும் சோலாத் தொப்பியுமாக வருவார். கையில் தகரக் குழல், அதற்குள் சுருட்டிய கிராம வரைபடம். என் கையில் சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு. துணி பாய் கடையின் நன்கொடை. வழியில் எங்கே சர்வே கல் தட்டுப்பட்டாலும் தலைவர் நின்று வரைபடத்தை விரிப்பார். "நூற்றுநாற்பத்திரண்டு, உட்பிரிவு மூன்று!" என்று உரக்கச் சொல்வார். நாங்கள் தீபாராதனை பார்ப்பதுபோல அந்த நெல்வயலைப் பார்ப்போம். நான் எழுதுவேன். நோட்டில் மூன்று கட்டம்: நேரம், இடம், கண்டவை.

வெளியிலிருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும் என்று, ஐந்து படித்த மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் வயல்களை வேடிக்கை பார்க்கிற வருஷமே இல்லை. ஓர் ஊரில் கூலித் தகராறில் அறுப்பு நின்றிருக்கும். அடுத்த ஊரில் அறுப்பு நடக்கும், கரையில் போலீஸ் லாரி நிற்கும். குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தவுடன் நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. ஏறாவிட்டால், முப்பது வருஷம் உழுதவரும் நேற்று வந்த கூலியும் ஒன்றுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். காபி கிளப்பில் இதைப் பற்றி அரை மணி நேரம் விளக்கியிருக்கிறேன். எதிரில் இருந்தவர் பாதிக் காபியை வைத்துவிட்டுப் போனார்.

பொங்கல் கழிந்த ஞாயிறு. ஊரிலிருந்து ஆறேழு மைல் நடந்திருப்போம். பனி விலகாத வரப்பில் ஒருவர் எங்களையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் நெருங்கியதும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தலைவர் கல்லைக் கண்டார், விரித்தார், எண்ணைச் சொன்னார்.

"அதேதாங்க ஐயா! அந்த நம்பருதாங்க!" என்றார் அவர், தொலைந்த மாட்டை யாரோ ஓட்டிவந்து கட்டியதுபோல. "ஆறு மா நெலம். எங்கப்பா காலத்துலேருந்து நாங்கதாங்க உழுவுறோம். எழுதிக்கிறீங்களா?"

தன் வயலின் மீது ஒருவருக்கு இவ்வளவு பிரியமா என்று நான் நெகிழ்ந்துபோனேன். பெயர், தகப்பன் பெயர், எத்தனை வருஷமாக உழவு எல்லாவற்றையும் 'கண்டவை' கட்டத்தில் எழுதினேன். "கையெழுத்துப் போடணுங்களா?" என்றார். போடட்டுமே என்று பேனாவைக் கொடுத்தேன். நாற்று நடுகிற நிதானத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஊன்றினார். பிறகு தென்னையில் ஏறி ஐந்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். என் உத்தியோக வாழ்வில் நான் வாங்கிய ஒரே லஞ்சம் அது. வாங்குவது தெரியாமல் வாங்கினேன்.

"அப்ப புதங்கிழம பள்ளிக்கூடத்துக்கு நான் வரவேணாங்களா?"

எனக்கு விளங்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடம், என்ன புதன்கிழமை? ஆனால் புரியாத கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்வது ஆசிரியத் தொழிலில் ஒட்டிக்கொண்ட வழக்கம்.

"வேண்டாம், வேண்டாம். இதுவே போதும்" என்றேன், இளநீரைத் துடைத்துக்கொண்டு.

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இரண்டு கையாலும் கும்பிட்டார். பதிலுக்கு நானும் கும்பிட்டேன்.

அரை மைல் தாண்டி ஊர் முகப்பில் ஒரு டீக்கடை. கடைக்காரர் எங்களுக்கு மட்டும் கிளாஸை வெந்நீரில் இரண்டு தரம் அலம்பினார்.

"குத்தகை எழுதுற ஆபீசரு புதங்கிழமதான் பள்ளிக்கூடத்துல உக்காருறாருன்னு தண்டோரா போட்டாங்க. நீங்க ஞாயித்துக்கெழமயே வந்துட்டீங்க."

தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மறுக்கவில்லை. முப்பது வருஷம் உள்ளறையில் கோடு போட்டவருக்கு வெளியில் கிடைத்த முதல் மரியாதை.

பாய்க்குத்தான் முதலில் உறைத்தது. டீயை வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, அந்த மனுசன்கிட்ட என்னா சொன்னீங்க நீங்க?"

"இதுவே போதும்னு..."

"எது போதும்?"

நான் நோட்டைப் பார்த்தேன்.

"யா அல்லா" என்றார் பாய். "டாக்டர் பேச்சக் கேட்டு நடந்தா இதான்."

உடனே திரும்பிப் போகலாம் என்றேன். பஸ் வந்துகொண்டிருக்கிறது, இதை விட்டால் இனிச் சாயங்காலம்தான் என்றார் தலைவர். பஸ் வந்தது, ஏறினோம். இதை இவ்வளவு சுருக்கமாகத்தான் என்னால் எழுத முடிகிறது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் ஊசலை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிக்கை வந்தது. மாணவர்கள் என் எண்ணிக்கையை எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் தலைவர் வீட்டுக்குப் போய், நாம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றேன்.

"என்னன்னு சொல்றது? நாங்க ஆபீசர் இல்லேன்னா? அப்ப ஞாயித்துக்கிழமை ஆபீசரா நடிச்சோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவும். எனக்குப் பென்ஷன் இருக்கு, சார்."

"அவருக்கு நிலம் இருக்கே."

"வேற யாராவது சொல்லிடுவாங்க. கிராமத்துல எல்லாம் பேசிக்குவாங்க."

பேசிக்கொள்ளமாட்டார்கள் என்று, கூட வந்திருந்த பாய் சொன்னார். அவர் கடைக்கு அந்த ஊர்க்காரர்கள் வருவதுண்டு. மிராசுதாரின் காரியஸ்தர் வீடு வீடாகப் போய், பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப்பார்க்கிறவனுக்கு அடுத்த பட்டத்துக்கு வயல் கிடையாது என்று சொல்லிவைத்திருக்கிறாராம். "அவரு கண்ணுல படாம வேல முடிஞ்சுதுன்னு அந்த மனுசன் வாயவே தொறந்திருக்கமாட்டாரு. நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்ப்பதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் நிலையம் வரை போனேன். பஸ் வந்தது. 'நாங்கள் ஆபீசர் இல்லை' என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதை ஒத்திகை பார்த்தேன். பஸ் போய்விட்டது. அறைக்கு வந்து பதினோரு அடியை நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் இந்த முறை ஏறி வரவில்லை. கழியால் கூரையைத் தட்டினார்.

புதன்கிழமை கல்லூரிக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதி அனுப்பிவிட்டு, பாயின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூட வாசலில் வரிசை நின்றது. அவர் இல்லை. வயலுக்கு ஓடினேன். அறுப்பு நடந்துகொண்டிருந்தது, அவரும் மனைவியும் நாலைந்து பேரும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

நான் சொன்னேன். நாங்கள் சர்க்கார் ஆட்கள் இல்லை, சும்மா நடக்கிறவர்கள், அந்த நோட்டு செல்லாது, உடனே பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று.

அவர் சிரிப்பு மெல்ல அணைந்தது.

"எவ்வளவு குடுத்தாரு காரியஸ்தரு?"

"இல்லீங்க..."

"ஞாயித்துக்கெழம எழுதினீங்க. நம்பரு கரெக்டாச் சொன்னீங்க. கையெழுத்து வாங்கினீங்க. இப்ப வந்து செல்லாதுங்கிறீங்க. பேர அடிக்கச் சொன்னாங்களா? அதுக்குன்னு என்னைய அங்க கூட்டிட்டுப் போயி, காரியஸ்தரு முன்னால நிறுத்தப் போறீங்களா?"

இதை நான் ஒத்திகை பார்க்கவில்லை. பொய்யை ஒரு நொடியில் நம்பியவரை உண்மையை நம்பவைக்க என்னிடம் எந்தச் சரக்கும் இல்லை. உளறினேன். சத்தியம் செய்தேன். கடைசியில் நோட்டை நீட்டினேன்.

மனைவி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு அதை வாங்கினார். அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவராம். அறுத்தவர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"மடையான் பன்னெண்டு. மீன்கொத்தி ரெண்டு. கரிச்சான் நாலு. கீரி ஒண்ணு." நிறுத்தினார். அடுத்த வரி அவர் புருஷன் பெயர். அதை வாசிக்கவில்லை. முன்பக்கத்தைப் புரட்டினார், அங்கும் நாரை, ஓணான். மறுபடி இந்தப் பக்கத்துக்கு வந்தார்.

"ஏங்க, ஒங்கள கீரிக்குப் பொறவு எழுதியிருக்காரு."

யாரோ சிரித்தார்கள். அவர் கணவர் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்காய்யா பனியில அவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க? கீரிய எண்ணறதுக்கு?"

"ஆமாங்க."

"சம்பளம் உண்டா?"

"இல்லீங்க."

அந்தப் பதில்தான் அவரை நம்பவைத்தது என்று நினைக்கிறேன். அப்படியொரு பொய்யை யாரும் ஜோடிக்கமாட்டார்கள். "மேலச் சட்டய எடுத்துட்டு வா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வாய்க்காலில் காலைக்கூடக் கழுவாமல் நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் அதிகாரி காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலியில், அழைக்காத விருந்தாளியாக, காரியஸ்தர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"சார் காலேஜுதானே? எங்க மொதலாளி அங்க கமிட்டியில இருக்காங்க. இன்னிக்கு லீவுங்களா?"

"வயித்துப்போக்கு" என்றேன். அந்த நேரத்தில் அது ஏறக்குறைய உண்மையாகவும் இருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஞாயித்துக்கெழமயே எழுதிட்டாங்கன்னு நெனச்சேங்க."

"யாரு எழுதினா?"

எழுதி முடித்தும் கலையாமல் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நோட்டைக் கொடுத்தேன். அதிகாரி புரட்டினார். என்னைப் போலீஸில் ஒப்படைப்பார் என்று நின்றேன்.

"மடையான் பன்னிரண்டா? எந்த எடத்துல?"

சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். காரியஸ்தர் தொண்டையைச் செருமி, இந்த ஆள் வெறும் கூலி என்றார். ஆட்சேபணை இருந்தால் விசாரணையில் சொல்லுங்கள் என்று அதிகாரி கட்டை அவிழ்த்து, ஒரு படிவத்தை உருவி எடுத்தார். மனைவி சட்டையோடு ஓடிவந்து சேர்ந்தார். அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் கையெழுத்திட்டார். காரியஸ்தர் பார்த்துக்கொண்டே இருந்தார், பேனா நிற்கவில்லை.

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுத் தந்தார்கள். அவர் அதை என்னிடம் நீட்டி, படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் என்றார், படித்தேன். பிறகு அதை என் கையிலிருந்து வாங்கி, வகுப்பிலிருந்து எட்டிப்பார்த்த பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னார். வாத்தியார் வாசித்தது, நல்லவேளையாக, நான் வாசித்ததோடு ஒத்துப்போனது. எனக்கு வருத்தம் ஏதுமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் மூன்றாவது ஆளையும் தேடியிருப்பேன்.

நான் ஏதோ மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அறுத்த நெல் வரப்பில் கிடக்கிறது, அவருக்கு நேரமில்லை.

"வர்றதுன்னா வாங்க, நடங்க" என்றார். "ஆனா ஊருக்கு வெளியிலயே சத்தம் போட்டுச் சொல்லிடுங்க, சும்மா நடக்குறோம்னு."

பங்குனியில் அவர் பெயர் பதிவேட்டில் ஏறியது என்று பாய் சொன்னார். அந்த அம்மாள் கடைக்குப் புடவை எடுக்க வந்தபோது சொன்னாராம். என்னை விசாரித்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார் பாய்.

அந்தப் பருவத்தின் மிச்ச ஞாயிறுகளில் நாங்கள் அவர் சொன்னபடியே செய்தோம். தலைவர் வேட்டிக்கு மாறினார். ஒவ்வோர் ஊர் எல்லையிலும் பாய் முன்னால் போய், ஜவுளிக்கடைக் குரலில், "சும்மா நடக்குறோங்க! சும்மா நடக்குறோம்!" என்று கூவுவார். கூவியதும் வயலில் நின்றவர்கள் சேதி சொல்ல ஊருக்குள் ஓடுவார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பத்துப் பேர் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பில் வரிசையாக நிற்பார்கள்.