ராணியைக் கேட்டு வந்தவர்கள்

அப்பா ஷிப்டுக்குக் கிளம்பியதும் அம்மா கைபேசியில் சரித்திரக் காதல் தொடர் எழுத உட்காருவாள். பாளையக்காரர் காலத்தில் உண்மையிலேயே வாழ்ந்த ஒரு ராணியின் கதை. ராணியைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அவள் பெயரும், அவள் வெட்டிய குளமும், அதன் கரையில் அவள் நட்ட ஒரு கல்லும்தான். மீதியை அம்மா எழுதினாள். வாசகிகள் சிவப்பு இதயங்களாக அனுப்பினார்கள். ராணி தன் குதிரைக்காரனின் கையைப் பிடித்த வாரம், இதயங்களுக்கு நடுவே ஒரு வரி வந்தது: 'அந்த ராணி எங்க வம்சம். நேர்ல வந்து பேசுறோம்.'

அப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "குவார்ட்டர்ஸ் வாசலையெல்லாம் ஏன் படம் புடிச்சுப் போட்ட?"

"செம்பருத்தி பூத்திருந்துச்சு, போட்டேன்," என்றாள் அம்மா. செம்பருத்திக்குப் பின்னால் வீட்டு நம்பர் தெளிவாகத் தெரிந்தது. படத்தை அழித்தார்கள். அதன்பின் வாசலில் வண்டி நின்றாலே நான் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். பண்ருட்டிப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர், ஒரு பலாப்பழத்தோடு. அடிக்க வருகிறவர்கள் பலாப்பழம் கொண்டுவருவார்களா என்று என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

"நல்லா எழுதுறம்மா," என்றார் அவர்களில் பெரியவர். "எங்க வூட்டுப் பொம்பளைங்க சீரியலை வுட்டுட்டு இத்தத்தான் படிச்சிக்கினு இருக்காங்க."

அம்மா பழக்கத்தில் நன்றி சொல்லிவிட்டாள்.

"ஆனா எங்க ராணியம்மா போயி குதிரைக்காரன் கையப் புடிக்குமா?"

"கதைதாங்க," என்றார் அப்பா.

"கதைன்னா உங்க வூட்டுப் பொம்பளைங்கள வெச்சி எழுத வேண்டியதுதான?" என்றான் கூட வந்த இளைஞன்.

"நீ சும்மா இருடா," என்றார் பெரியவர், அவனைப் பார்க்காமலே.

அம்மா அசரவில்லை. "குளத்தங்கரையில குதிரைக்கு ஒரு கல் நட்டிருக்காங்க. நட்டது ராணி. ராஜாவுக்குக் கல் இல்ல. ஏன்னு யோசிச்சேன், எழுதினேன்."

பெரியவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு நேட்டிவ் எதுங்க?" என்றார்.

டவுன்ஷிப்பில் எல்லாரும் எல்லாரையும் கேட்கும் கேள்விதான். பொங்கலுக்கு எங்கள் பிளாக்கே காலியாகும்; அவரவர் நேட்டிவுக்கு பஸ் ஏறுவார்கள். நாங்கள் மட்டும் எங்கும் போகமாட்டோம்.

"சேலம் பக்கம்," என்றார் அப்பா.

"அவங்களுக்கு?"

அப்பா தரையைப் பார்த்தார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உங்க மாமா வூடு எந்த ஊரு?"

எனக்கு மாமா இருப்பதாகவே அதுவரை யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள், "மாத்திடறேங்க," என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. "அவன் குதிரைக்காரனே இல்ல. மாறுவேஷத்துல வந்த இளவரசன். உங்களுக்குச் சமமான வம்சம். அடுத்த அத்தியாயத்துல தெரிஞ்சிடும்."

"அப்படிப் போடு!" பெரியவர் தொடையில் தட்டினார். "எனக்கு அப்பவே டவுட்டும்மா. அவன் குதிரை ஏறுற ஜோரே தனி."

காபி குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் சாதி மாறி மணந்தவர்கள் என்பதும், அம்மாவின் அண்ணன்கள் நெடுநாள் அவர்களைத் தேடித் திரிந்தார்கள் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கு நிம்மதி மட்டுமே. சாயங்காலமே அம்மா அத்தியாயத்தை எழுதி முடித்தாள். இதயங்கள் வந்து குவிந்தன. நான் கைபேசியை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் கடைசி வரி வரை படித்தார். "அவன் குதிரைக்காரனாவே இருந்திருக்கலாம்," என்றார்.

அம்மா கைபேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். அப்பாவுக்குக் கதை ரசிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.