கடைசியில் ஓர் எச்

எங்கள் மின்னஞ்சலிலிருந்து, நாங்கள் எழுதாத கடிதங்கள் சொந்தக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. கணினியைக் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் வைரஸை எல்லாம் துடைத்தெடுத்துவிட்டு, கடவுச்சொல்லைக் கேட்டார். என் கணவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். எங்கள் மகளின் பெயர்.

"பிள்ளைங்க பேரு வைக்காதீங்க அண்ணே. ஈசியா கண்டுபிடிச்சிருவானுங்க லா."

"எழுத்தப் பாருங்க. யாருக்கும் வராது," என்றார் கணவர்.

வராதுதான். நடுவில் இரண்டு 'ஏ', கடைசியில் வேண்டாத ஓர் 'எச்'. அவள் பிறந்தபோது எண் கணித ஜோதிடர் கூட்டிப் பார்த்துக் கொடுத்த எழுத்துகள். அப்படி எழுதினால் ஆயுசு கெட்டியாம். ஒன்பது வயதில் டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த ஆள் இன்னும் இந்தக் கடை இருக்கும் தெருவில்தான் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அன்றைக்கும் எதிர்ப்பக்கமாக நடந்து வந்தேன்.

"எதுக்கும் மாத்திருங்கண்ணே," என்று கடைக்காரர் விசைப்பலகையை நகர்த்தி வைத்தார். அவருக்கு என்ன தெரியும்? கணவர் எண்களும் குறிகளுமாக எதையோ தட்டினார். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்.

தட்டும்போது திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். ஆனாலும் அவள் பெயரை நாங்கள் எழுதுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே இடம் அது.

மறுநாள் காலையில் கை தன்பாட்டில் அவள் பெயரைத் தட்டியது. தவறு என்றது கணினி. அவசரத்தில் அந்த 'எச்' விட்டுப்போயிற்றோ என்று, நிதானமாக இன்னொரு முறை தட்டினேன்.